அரையாண்டு விடுமுறையில் வீட்டுச் சாக்லேட்: சென்னையின் வெக்கையிலும் ஈரத்திலும் பதம் தவறாமல் செய்ய வழி உண்டா?

இசைவாணி, சென்னை

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து என் பிள்ளைகள் இருவரும் வீட்டில் இருக்கிறார்கள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு எட்டு. எங்கள் எதிர்வீட்டு அக்கா ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலையில் கேக்கும் அச்சு முறுக்கும் கலகலாவும் அடுக்கிய தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புவார். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சென்ற ஆண்டு அந்தத் தட்டில் தங்கள் கையால் செய்த சாக்லேட்டை வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். செய்தோம், ஆனால் கொடுக்கும்படி அமையவில்லை.

கடையில் வாங்கிய டார்க் சாக்லேட் கட்டிகளை உடைத்துக் கொதிக்கும் நீரின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். முதல் கிண்ணம் நன்றாக உருகி வந்த வேளையில் திடீரென்று மணல் மணலாகத் திரிந்து, கிளறிய ரவையைப் போல இறுகிவிட்டது. இரண்டாவது கிண்ணம் திரியவில்லை. அதை அச்சில் ஊற்றி இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்தபோது பார்க்க அழகாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் மேலெல்லாம் வியர்த்தது. மறுநாள் சாம்பல் பூத்ததுபோல வெள்ளை படர்ந்தது. எடுத்தால் விரலோடு ஒட்டியது. மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டப்பாவை மூடி வைத்தாள்.

இந்த ஆண்டு சரியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன். எங்கே தவறினேன் என்பதை அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன். வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்று இருக்கிறது. சமையலறையில் ஏசி இல்லை.

அடுமனை, கோயம்புத்தூர்

சகோதரி, பதினான்கு ஆண்டுகளாக அடுமனைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தவை மூன்று தனித்தனித் தவறுகள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் திருத்துவது எளிது.

முதல் கிண்ணம் திரிந்ததற்குக் காரணம் தண்ணீர். சாக்லேட் என்பது கொழுப்புக்குள் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் மிதக்கும் ஒரு கலவை. அதில் நீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. உருகிய நிலையில் அதனுள் இரண்டு சொட்டு நீர் விழுந்தாலும், கிண்ணத்தின் விளிம்பில் படிந்த ஆவி வழிந்து இறங்கினாலும், சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கண்ட மணல் அதுதான். இனி உருக்கும்போது, பாத்திரத்தின் வாயைவிட அகலமான கிண்ணத்தை அதன் மேல் வையுங்கள். ஆவி உள்ளே வர வழி இருக்காது. கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே உருக்கினால் போதும். கிண்ணத்தைத் தூக்கியவுடன் அடியை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும், ஏனெனில் அச்சில் சாய்த்து ஊற்றும்போது அடியில் தங்கிய நீர்தான் பெரும்பாலும் உள்ளே சொட்டுகிறது. மரக்கரண்டி வேண்டாம், கழுவிய மரத்தில் ஈரம் தங்கியிருக்கும். திரிந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதில்லை. சூடான பாலையோ கிரீமையோ ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் நெகிழ்ந்து குழம்பாகிவிடும். கேக்கின் மேல் ஊற்றலாம். அச்சில் வார்க்க மட்டும் பயன்படாது.

இரண்டாவது தவறு பதம். பாகுக்குப் பதம் இருப்பதுபோலச் சாக்லேட்டுக்கும் பதம் உண்டு. தொழிலில் இதை டெம்பரிங் என்கிறோம். கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிக அமைப்புகளில் எதுவாக வேண்டுமானாலும் உறையக்கூடும். அவற்றுள் ஐந்தாவது அமைப்பே நமக்கு வேண்டியது. அது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். ஆகவே அறையில் கெட்டியாக நின்று, வாயில் போட்டவுடன் கரைகிறது. மினுமினுப்பும், உடைத்தால் ‘டக்’ என்று வரும் ஓசையும் அதனால் கிடைப்பவைதான். அதற்குக் கீழே உள்ள நான்கு அமைப்புகளும் 28 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். டிசம்பர் மாதத்திலும் சென்னையில் பகலில் 29 டிகிரி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் சாக்லேட் விரலில் ஒட்டியதற்கு விளக்கம் அதிலேயே இருக்கிறது.

மூன்றாவது தவறு ஃப்ரிட்ஜ். குளிர்ந்த சாக்லேட் ஈரக்காற்றில் வந்தவுடன் வியர்க்கிறது. அந்த நீர் மேலே உள்ள சர்க்கரையைக் கரைத்து, பிறகு உலரும்போது சர்க்கரையை வெள்ளையாக விட்டுச் செல்கிறது. பதம் தவறினாலும் வெள்ளை படரும், ஆனால் அது கொழுப்பு. விரலால் தேய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நறநறவென்று இருந்தால் சர்க்கரை. வழவழவென்று தேய்ந்து மறைந்தால் கொழுப்பு. இரண்டையும் உண்ணலாம், உடலுக்குத் தீங்கில்லை. உங்களுடையதில் இரண்டும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

நீலகிரித்தேன், உதகமண்டலம்

இசைவாணி அம்மா, அடுமனைத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. எங்கள் ஊரில் ‘ஹோம்மேட் சாக்லேட்’ என்ற பலகை இல்லாத தெரு இல்லை என்பதை ஊட்டிக்கு வந்தவர்கள் அறிவார்கள். வர்க்கியும் தைலமும் போல அதுவும் இந்த மலையின் அடையாளமாகிவிட்டது. ஆனால் நாங்கள் பெரிய கைகாரர்கள் என்பதால் மட்டும் அது இங்கே வேரூன்றவில்லை. 2,200 மீட்டர் உயரத்தில், டிசம்பர் இரவில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊரில், சாக்லேட்டை மேசையின் மேல் வைத்தாலே உறைந்துவிடும். பாதி வேலையைக் குளிர் செய்து கொடுத்தது. கொடைக்கானலுக்கும் அது பொருந்தும். சமவெளியில் இருப்பவர்கள் அந்தப் பாதி வேலையையும் தாங்களே செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, என் மாமியார் தெர்மாமீட்டர் இல்லாமலே பதம் பார்ப்பார். கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்துக் கீழுதட்டுக்கு அடியில் வைப்பார். சுட்டால் இன்னும் ஆற வேண்டும். சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் இன்னும் சிறிது பொறுக்க வேண்டும். இலேசாகக் குளிர்ந்தால் அச்சில் ஊற்றலாம். உதட்டின் சூடு 34 டிகிரிக்கு அருகில் இருப்பதால், அதைவிடச் சற்றுக் குறைவான சாக்லேட் குளிர்ச்சியாகத் தெரிகிறது என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். இன்று என்னிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது. இருந்தாலும் உதட்டில் வைத்துப் பார்க்காமல் ஊற்ற மனம் வருவதில்லை.

பிறகு கத்திச் சோதனை. கத்தி நுனியைச் சாக்லேட்டில் தோய்த்து ஓரமாக வையுங்கள். குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடத்திற்குள் மினுக்கத்தோடு உறைந்து, விரல் வைத்தால் ஒட்டாமல் இருந்தால் பதம் வந்துவிட்டது. ஈரமாகவோ கோடு கோடாகவோ இருந்தால் இன்னும் கிளற வேண்டும். பத்து நிமிடச் சோம்பலுக்காக இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நாற்பது அச்சையும் ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், முழுவதையும் மீண்டும் உருக்கினார்கள்.

நாஞ்சில், நாகர்கோவில்

எல்லாரும் சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வெப்பமானியோடு போராடுவது தேவைதானா என்று கேட்க விரும்புகிறேன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முப்பது வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகும். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் டிசம்பர் இரண்டாவது வாரத்திலேயே தொடங்கிவிடும். சாக்லேட்டுக்கு ஒதுக்க எனக்கு ஒரு மாலைப் பொழுதுதான் கிடைக்கும். ஆகவே நான் பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் அரைக் கிலோக் கட்டியாகக் கிடைக்கும் ‘காம்பவுண்ட்’ வாங்குகிறேன்; கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பு சேர்த்த, சாக்லேட் போன்ற பொருள் அது. உருக்கி ஊற்றினால் போதும். பதம் பார்க்க வேண்டியதில்லை. வெயிலிலும் ஓரளவு தாங்கும். பிள்ளைகள் நட்சத்திரம், மணி, கிறிஸ்துமஸ் மரம் என்று அச்சு அச்சாக ஊற்றி மகிழ்கிறார்கள். விடுமுறையில் அவர்கள் கை அதில் பட வேண்டும் என்பதுதானே நோக்கம்?

ஒரு மனக்குறையையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு முறை ஒரு கடையில் ‘இது அசல் சாக்லேட்தான்’ என்று சொல்லி இரட்டை விலைக்குக் கொடுத்த கட்டி, வீட்டுக்கு வந்து உறையின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தபோது காம்பவுண்டாகவே இருந்தது. ஆகவே, எது வாங்கினாலும் கடையிலேயே படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுமனை, கோயம்புத்தூர்

நாஞ்சில் அக்கா சொல்வதை நான் மறுக்கவில்லை. காம்பவுண்டு ஏமாற்றுப் பொருள் ஆகாது. அது வேறொரு பொருள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பை ஹைட்ரஜனேற்றிச் சேர்க்கிறார்கள். அந்தக் கொழுப்பு தானாகவே கெட்டியாக உறையும் இயல்புடையது. எனவே பதம் தேவைப்படுவதில்லை. மாறாக, அதில் சில வகைகள் வாயில் முழுவதும் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல நின்றுவிடும். கோகோவின் மணமும் குறைவு. சீட்டில் கோகோ வெண்ணெய் என்று இருந்தால் அசல் சாக்லேட், அதில் கோகோ வெண்ணெய் கூடுதலாக உள்ள வகையைத் தொழிலில் ‘கூவெர்ச்சர்’ என்கிறோம்; ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்டு.

ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். செலவைக் குறைக்க எண்ணி இரண்டையும் பாதிக்குப் பாதி உருக்கிக் கலப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு கொழுப்புகளும் ஒன்றோடொன்று ஒத்து உறைவதில்லை. கலந்தால் இரண்டைவிடவும் மென்மையான ஒரு பொருள் கிடைக்கும். சில நாள்களில் வெள்ளையும் படர்ந்துவிடும்.

இளையவன் கையால் அச்சில் ஊற்றுவதற்குக் காம்பவுண்டையும், மூத்தவளோடு சேர்ந்து செய்வதற்குக் கூவெர்ச்சரையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் படிக்கத் தெரியும். படிகம் என்றால் என்ன என்பதைப் பள்ளியிலும் படித்திருப்பாள். செய்யும் முறை இதோ.

அறுநூறு கிராம் டார்க் கூவெர்ச்சரை எடுத்துத் துவரம்பருப்பு அளவுக்குப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். நானூறு கிராமை மட்டும் உருக்கி 45 முதல் 50 டிகிரி வரை கொண்டுவாருங்கள். இந்தச் சூட்டில் பழைய படிகங்கள் எல்லாம் கரைந்துவிடும். கிண்ணத்தை ஏசி அறைக்குக் கொண்டுசென்று, மீதமுள்ள இருநூறு கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல, நல்ல படிகம் ஏற்கெனவே அமைந்திருக்கும் அந்தச் சில்லுகள் உருகியதற்குள் அந்தப் படிகத்தை விதைக்கின்றன. சூடு 28 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறுங்கள். பிறகு வெந்நீரின் மேல் சில விநாடிகள் காட்டி 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றுங்கள். 33-ஐத் தாண்டிவிட்டால் விதைத்த படிகம் கரைந்து போகும். தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்ய வேண்டும். பால் சாக்லேட் என்றால் இறங்குவது 27, ஏறுவது 29 முதல் 30. வெள்ளைச் சாக்லேட்டுக்கு அதிலும் ஒரு டிகிரி குறைவு.

அறையை 22 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் ஊற்றியபின் ஓரம் உறையத் தொடங்கியதும் ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைக்கலாம். பதினைந்துக்கு மேல் வேண்டாம். உறையும்போது சாக்லேட் வெப்பத்தை வெளிவிடும் என்பதால், தடிமனான அச்சுகளுக்கு இந்தப் பத்து நிமிடம் உண்மையாகவே உதவுகிறது. ஏசி அறையில் எடுத்து அங்கேயே டப்பாவில் அடைத்து மூடிவிட்டால் வியர்க்காது.

இசைவாணி, சென்னை

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. மகள் முழுவதையும் படித்துவிட்டுச் சூட்டளவுகளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். உள்ளே என்ன வைக்கலாம்? வெறும் சாக்லேட்டாக இல்லாமல் நம் ஊர்ச் சுவை ஏதேனும் இருக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். கருப்பட்டியும் தேங்காயும் வைக்கலாமா என்று கேட்கிறாள்.

தென்னந்தோப்பு, ஆனைமலை

நான் இங்கே நெடுநாளாகப் படிப்பவன், எழுதுவது குறைவு. பொள்ளாச்சிக்கு அருகில் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ இருக்கிறது. கேரளத்தில் 1965-இல் கேட்பரி நிறுவனம் ஊக்குவித்துத் தொடங்கிய பயிர் பிறகு எங்கள் பக்கமும் பரவியது. தென்னையின் நிழலும், தென்னைக்குப் பாயும் நீரும் அதற்குப் போதுமானவை. பிள்ளைகள் உண்ணும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால், சற்று நீளமாக எழுதுகிறேன்.

செப்டம்பர் முதல் ஜனவரி வரை எங்களுக்கு ஒரு பருவம். ஆகவே நீங்கள் சாக்லேட் செய்யும் இதே நாள்களில் இங்கே காய் பறிக்கிறோம். காய் கிளை நுனியில் தொங்குவதில்லை. மரத்தின் தண்டிலேயே ஒட்டிக் காய்க்கும். பழுத்து மஞ்சளானதும் பறிக்காவிட்டால் அணில் முந்திக்கொள்ளும். உடைத்தால் முப்பது, நாற்பது விதைகள் வெள்ளைச் சதை போர்த்தியபடி சீத்தாப்பழத்தைப்போல இருக்கும். அந்தச் சதை இனிப்பும் புளிப்புமாக இருக்கும், ஆனால் அப்போது விதையில் சாக்லேட் மணம் துளியும் கிடையாது. குவித்து வாழையிலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறோம். குவியலுக்குள் கையை விட்டால் சுடும். 45 டிகிரிக்கு மேல் போய்விடும். ஒன்றுவிட்டு ஒருநாள் கிளறிக் கொடுக்க வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்தால் மூன்று கிலோ ஈர விதைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். சாக்லேட்டின் மணத்துக்கு இந்தப் புளிப்புதான் அடித்தளம். ஒரு விதையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பாகப் பிளவுகளோடு இருக்க வேண்டும். ஊதாவாக இருந்தால் புளிப்பு போதவில்லை என்று பொருள்; வறுத்தாலும் கசப்பும் துவர்ப்பும் போகாது.

விதையிலிருந்தே வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு: மிதமான தீயில் இரும்புச் சட்டியில் இருபது, இருபத்தைந்து நிமிடம் கைவிடாமல் வறுக்க வேண்டும். தோல் வெடிக்கத் தொடங்கி, வீடு முழுவதும் மணம் நிறையும்போது இறக்கலாம். ஆறியதும் நசுக்கி முறத்தில் புடைத்தால் தோல் பறந்து பருப்பு நிற்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் புடைக்கும் வேகத்தில் எந்த இயந்திரமும் புடைக்காது.

அரைப்பதற்கு உரிய கருவி நம் வீட்டுக் கல் கிரைண்டர் என்பது பலருக்குத் தெரியாது. இட்லி மாவுக்காகக் கோயம்புத்தூரில் உருவான மேசைக் கிரைண்டரைத்தான், 2000-களில் அமெரிக்காவில் வீட்டில் சாக்லேட் செய்யத் தொடங்கியவர்கள் கண்டெடுத்தார்கள். இன்று உலகின் பல நாடுகளில் சிறு சாக்லேட் பட்டறைகள் அந்தக் கருங்கல் உருளைகளிலேயே அரைக்கின்றன. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. 350 கிராம் பருப்புக்கு 150 கிராம் பொடித்த சர்க்கரை போட்டால் எழுபது விழுக்காட்டுச் சாக்லேட். பருப்பில் பாதிக்குமேல் கொழுப்பு என்பதால் ஒரு சொட்டு நீரும் விடாமலே அரைபட்டுக் குழம்பாகும். ஆனால் நாவுக்கு நறநறப்புத் தெரியாமல் இருக்க, துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டும். அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஓட வேண்டும். மாவரைக்கும் சாதாரணக் கிரைண்டரின் மோட்டார் அவ்வளவு நேரம் தாங்காது; இதற்கென்றே மாற்றியமைத்தவை தனியாக விற்கின்றன. வீட்டுக் கிரைண்டரில் இடைவெளி விட்டு இரண்டு மணி நேரம் அரைத்தால் கொரகொரப்பான சாக்லேட் கிடைக்கும். அதைப் பாலில் கரைத்துக் குடிக்கலாம். எங்கள் வீட்டில் மார்கழிக் காலையில் அப்படித்தான் குடிக்கிறோம்.

நீலகிரித்தேன், உதகமண்டலம்

தோப்பு ஐயா எழுதியதைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகள் கட்டியாக வாங்கியே செய்து வந்த எனக்கு விதையின் பாடு புரிந்தது.

இசைவாணி அம்மா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: கருப்பட்டி நல்ல எண்ணம், ஆனால் அதில் ஈரம் இருக்கிறது. உருகிய சாக்லேட்டில் நேராகப் போட்டால் சென்ற ஆண்டு கண்ட அதே மணல்தான் வரும். கருப்பட்டியைச் சிறிது நீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டி, முற்றிய பாகாக்கி, வறுத்த எள்ளைப் போட்டு உருண்டை பிடியுங்கள். சுண்டைக்காய் அளவு போதும். நன்றாக ஆறி இறுகியபின், அந்த உருண்டையைப் பதம் வந்த சாக்லேட்டில் தோய்த்து எடுத்து பட்டர் பேப்பரில் வைக்கலாம். எள்ளின் கசப்பும் கருப்பட்டியின் மணமும் டார்க் சாக்லேட்டுக்கு மிகவும் பொருந்தும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைச் சிறு துண்டாக உடைத்துப் பாதிவரை தோய்த்தாலும் இதே அருமை. உப்புக்கல் ஒன்றிரண்டை மேலே தூவிப் பாருங்கள்.

தேங்காய் என்றால் கடையில் கிடைக்கும் உலர்ந்த துருவல் மட்டுமே. பச்சைத் தேங்காயை வைத்தால் இரண்டு நாளில் ஊசிப்போகும். முந்திரியும் பாதாமும் வறுத்து, முழுவதும் ஆறியபின் போடுங்கள். சூடாகப் போட்டால் நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த பதம் அந்த இடத்தில் மட்டும் கலைந்து, பருப்பைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும்.

நாஞ்சில், நாகர்கோவில்

மென்மையான உள்ளீடு வேண்டுமானால் இருநூறு கிராம் டார்க் சாக்லேட்டுக்கு நூறு மில்லி கிரீம் போதும். கிரீமைக் கொதி வரும்வரை சூடாக்கி, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நடுவிலிருந்து வெளிநோக்கிக் கலக்கினால் பளபளவென்று சேரும். ஃப்ரிட்ஜில் இறுகியபின் உருட்டிக் கோகோத் தூளில் புரட்டலாம். இதில் பால் இருப்பதால் ஃப்ரிட்ஜிலேயே வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தட்டில் வைத்துக் கொடுக்கும்போது அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். பருப்பு இருப்பதையும் சொல்லுங்கள்; நிலக்கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கக்கூடும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முழுப் பருப்பு வைத்ததைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத உயரத்தில் வைப்பது மிகவும் முக்கியம். கோகோவில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு நஞ்சு. டார்க் சாக்லேட்டில் அது கூடுதலாக இருக்கும்.

இசைவாணி, சென்னை

இன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்து முடித்தோம். மழை ஓய்ந்திருந்தது. நடந்ததை அப்படியே பதிவு செய்கிறேன். அடுத்து முயல்பவர்களுக்கு உதவக்கூடும்.

கிண்ணத்தின் அடியைத் துடைக்கும் பொறுப்பை இளையவன் எடுத்துக்கொண்டான். ஒரு துணியோடு அடுப்பருகிலேயே நின்றான். மகள் சூட்டளவை வாசித்துக்கொண்டே வந்தாள். 36 வரை வேகமாக இறங்கிய சூடு அதற்குப் பிறகு மெல்லவே இறங்கியது. 28-க்கு வர ஏறத்தாழ இருபது நிமிடம் பிடித்தது. என் கை ஓய்ந்தபோது அவள் வாங்கிக் கிளறினாள். கொழகொழவென்று கனத்து, கரண்டியிலிருந்து நாடாவைப்போல விழத் தொடங்கியது. முதல் கத்திச் சோதனையில் கோடு விழுந்தது. 29 டிகிரியிலேயே சோதித்துவிட்டோம் என்று எண்ணி 31-க்கு ஏற்றி மீண்டும் தோய்த்தோம். நான்கு நிமிடத்தில் கத்தியின் மேல் மினுக்கத்தோடு உறைந்தது. உதட்டிலும் வைத்துப் பார்த்தோம், நீலகிரி அம்மா சொன்னபடியே குளிர்ந்தது.

நட்சத்திர அச்சில் இருபத்துநான்கு, கருப்பட்டி எள் உருண்டை முப்பது. அச்சைக் கவிழ்த்துத் தட்டியபோது ஒவ்வொன்றும் தானாகவே விழுந்தது. மகள் ஒன்றைக் காதருகே வைத்து உடைத்தாள். ஓசை எனக்கும் கேட்டது.

ஒரு குறை இருக்கிறது. கடைசியாக ஊற்றிய ஆறு நட்சத்திரங்களில் மட்டும் மங்கலான கோடுகள் தெரிகின்றன. மீதமாக ஏறத்தாழ நூற்றைம்பது கிராம் சாக்லேட் கிண்ணத்திலேயே உறைந்துவிட்டது. அதை என்ன செய்வது?

அடுமனை, கோயம்புத்தூர்

மிகவும் மகிழ்ச்சி, சகோதரி. கத்தியில் முதலில் விழுந்த கோட்டுக்கு நீங்கள் கண்ட காரணமே சரி. 28-இல் வேண்டாத நான்காவது அமைப்பும் சேர்ந்தே உருவாகியிருக்கும். 31-க்கு ஏற்றுவதே அதைக் கரைப்பதற்காகத்தான்.

கடைசி ஆறில் கோடு விழுந்ததற்குக் காரணம், ஊற்றி முடிப்பதற்குள் கிண்ணத்தில் இருந்தது 29-க்குக் கீழே ஆறிப் போனதாக இருக்கலாம். அடுத்த முறை ஒவ்வொரு பத்து அச்சுக்கும் ஒருமுறை கிண்ணத்தை வெந்நீரின் மேல் ஐந்து விநாடி காட்டுங்கள்; ஹேர் டிரையர் இருந்தால் கிண்ணத்தின் பக்கவாட்டில் சற்று நேரம் பிடித்தாலும் போதும்.

உறைந்த நூற்றைம்பது கிராமில் நீர் படாதிருந்தால் மீண்டும் உருக்கிப் பதம் செய்யலாம். எத்தனை முறை உருக்கினாலும் சாக்லேட் கெடாது. விதைப்பதற்கு மட்டும் புதிய கட்டியிலிருந்து நறுக்கிய சில்லையே பயன்படுத்துங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வெங்காயம், மசாலாப் பொருள்கள் இல்லாத அலமாரியில் வையுங்கள். கோகோ வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் மணத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

இசைவாணி, சென்னை

குறித்துக்கொண்டேன், ஐயா. கோடு விழுந்த ஆறையும் வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டோம். எதிர்வீட்டு அக்காவின் தட்டு இன்னும் வரவில்லை, நாளை காலை வரும். மகள் பன்னிரண்டு உருண்டைகளையும் எட்டு நட்சத்திரங்களையும் தனி டப்பாவில் அடுக்கி, ‘எள் உண்டு, கடலை இல்லை, ஃப்ரிட்ஜ் வேண்டாம்’ என்று ஒரு சீட்டு எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறாள்.